காலை எட்டு முதல் மாலை ஆறு வரை

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 1 முதல், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நாளுக்கு ஒரு ஜிபி இணையத்தை இலவசமாகக் கொடுத்தன. அரசாங்கத்தின் உதவித் திட்டத்தோடு வந்த சலுகை அது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும், மாலை ஆறு மணிக்கு முடியும். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை சேரவில்லை.

நான் மலாக்கா மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளியின் பெயரில் தோட்டம் உண்டு. பெற்றோரில் தோட்ட வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவராவது விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால் மத்தியானம் மூன்று மணிபோல வீடு திரும்பிவிடுவார். மற்றவர்கள் அப்படி இல்லை. ஒருவர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் காவலாளி, காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிப்டு. அம்மாக்களில் பலர் ஆயர் குரோவிலோ பத்து பெரண்டாமிலோ பேக்டரி வேலை. வீட்டில் இருப்பது ஒரு திறன்பேசி. வேலைக்குப் போகிறவரோடு அதுவும் போய்விடும். "டீச்சர், பகல்ல போன் அவருகிட்ட இருந்துச்சு, இப்பதான் பார்த்தேன்" என்ற செய்தி இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும். அந்நேரம் இலவச ஜிபி முடிந்து மூன்று மணிநேரம் ஆகியிருக்கும்.

முதல் ஆணையின்போது பேக்டரிகள் பல மூடிக் கிடந்தன. அப்போது போன் வீட்டில் இருந்தது, டாப் அப் போடக் காசு இல்லை. 2021இல் பேக்டரி ஓடியது, சம்பளம் வந்தது, பகலில் போன் இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்த வீடுகளை என் வகுப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தப் போன் சங்கடத்துக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்க ஓர் இடம் வேண்டும், பலகை வேண்டும், விளக்கு வேண்டும். அதற்கு யார் காசு கொடுப்பது? எங்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு நூறு வருடத்தில் பலவிதமான பதில்கள் கிடைத்திருக்கின்றன. 2020இல் பதில் இன்னொரு முறை மாறியது. மாறிவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக நட்டது முதலில் மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி பின்னாலேயே நின்று வற்புறுத்தியதில், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்தது புக்கிட் அசகானில், இன்னும் பெரிய அளவில். சில ஆண்டுகளில் அந்தத் தோட்டம் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. லேடாங் மலை அடிவாரத்து அசகானுக்கு இப்போது அருவி பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். மரங்கள் பால்வெட்டுக்கு வந்த காலத்தில் மலாயா முழுக்கத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டினார்கள். ஒற்றை ஆளாக வந்தவர்கள் குடும்பமானார்கள், குடும்பத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு விதி வைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள், ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் முதலாளி அவர்களுக்குப் பள்ளி வைத்துத் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பள்ளி இருந்தால் அப்பன் தோட்டத்தை விட்டுப் போகமாட்டான் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. பள்ளி என்று பெயர் வைத்தது பல இடங்களில் ஒரு கொட்டகை அல்லது லயத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறை. வாத்தியார் என்று வந்தவர் சில தோட்டங்களில் கிராணி, சில தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. ஒரே அறையில் எல்லா வகுப்பும் உட்காரும். பாடப்புத்தகம் கப்பலில் வரும். ஆறாம் வகுப்போடு பாதை முடிந்துவிடும், அந்த ஆறையும் எட்டியவர்கள் குறைவு. மலாயாத் தமிழர் மூன்று தலைமுறைக்குக் காட்டை விட்டு வெளியேற முடியாமல் போனதற்கு அந்தப் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செலவு யாருடையது என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளி அவர்கள் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும், இடமும் கூரையும் முதலாளி பொறுப்பு. "உன் வீட்டுல பள்ளிக்கூடம் நடத்த வசதி இருக்கா?" என்று எந்தத் துரையும் பால்வெட்டுகிறவனைக் கேட்டதில்லை.

சுதந்திரத்தை ஒட்டி இது மாறியது. 1956இன் ரசாக் அறிக்கையும் 1957இன் கல்விச் சட்டமும் வந்தபின் தோட்டப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்து தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள் ஆயின. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நிலம் பல இடங்களில் தோட்டத்துடையதாகவே நின்றது. அதனால்தான் முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்று இன்றுவரை இரண்டு சாதி இருக்கிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் இரண்டாவது சாதி. கூரை ஒழுகினால் கடிதம் யாருக்கு எழுதுவது என்று ஒரு தலைமையாசிரியர் தடுமாறுகிறார் என்றால் அந்தத் தடுமாற்றத்துக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், செர்காம், தெபோங், கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி என்று பெயர்ப் பட்டியலை வாசித்தால் பழைய தோட்ட வரைபடம் ஒன்றை வாசிக்கிற மாதிரி இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினார்கள், நம்மவர்கள் தாமான் வீடுகளுக்கு வாடகைக்குப் போனார்கள். மாணவர் எண்ணிக்கை நூற்றைம்பதுக்குக் கீழே போனால் "குறைந்த மாணவர் பள்ளி" என்று பெயர். தோட்டப் பள்ளிகளில் அப்படிப்பட்டவை நிறைய. பெருந்தொற்றின்போது இந்தச் சிறுமை ஒரு விதத்தில் கைகொடுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளி மூடுவது நமக்குப் புதிதில்லை. 1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவுக்குள் வந்தபோது மூடியது. பிறகு திறந்த இடங்களில் நிப்போங்கோ சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள், பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு தோண்டப் போனார்கள். அந்த மூன்றரை வருடத்தில் எழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதிலிருந்த தலைமுறை பிறகு அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. என் பாட்டி அதில் ஒருவர். சண்டை முடிந்து பள்ளிக்கு அனுப்பினார்களாம். "கொஞ்ச நாளு போனேன். தம்பி பொறந்தான், நின்னுட்டேன்" என்பார். ஆயாக் கொட்டகையில் இடம் இல்லாத கைக்குழந்தையை அக்கா பார்த்துக்கொள்வது தோட்டத்தில் எழுதாத சட்டம்.

2015இல் புகைமூட்டத்துக்கு மூடினார்கள். மூடியது மூடியதுதான். பிள்ளைகள் வீட்டில் இருமிக்கொண்டு கார்ட்டூன் பார்த்தார்கள். போனில் பாடம் நடத்தலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தொலைவிலிருந்து பாடம் என்பதற்கும் முன்கதை இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19 அன்று தொடங்கியது. அப்போது பெட்டியைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. லயத்து வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது, பல தோட்டங்களில் ஜெனரேட்டரே சாயங்காலம்தான் ஓடும், இரவு பத்துக்கு நின்றுவிடும். ஆகவே பள்ளியில் வைத்துக் காட்டினார்கள். ஐம்பது வருடம் முன்னால் திட்டம் போட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: கருவி வீட்டில் இருக்கும் என்று நம்பிப் பாடம் தயாரிக்கக் கூடாது.

இப்போது 2020க்கு வருகிறேன். மார்ச் 18க்கு முந்தைய இரண்டு நாளில் நாங்கள் செய்தது வகுப்புவாரியாகப் புலனக் குழு தொடங்கியதுதான். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்றுதான் எங்கள் பள்ளியில் சொல்வோம். பெற்றோர் வாட்ஸ்அப் என்பார்கள், இரண்டும் ஓடும்.) ஆசிரியர்களுக்கான பயிற்சியும் தொலைவிலிருந்தே வந்தது. கூகள் மீட் எப்படித் திறப்பது, பாரம் எப்படித் தயாரிப்பது என்று இரவு எட்டு மணிக்கு ஒரு வெபினார், ஒன்பதரைக்கு இன்னொன்று. முடிந்ததும் மின்சான்றிதழ். அந்த ஏப்ரலில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் மின்சான்றிதழ் சேர்த்த வேகத்தில் சின்ன வயதில் தபால்தலைகூடச் சேர்த்திருக்கமாட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நாங்கள் கற்றுக்கொண்டோம். திரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கப்போகிறார்கள் என்பது மட்டும் எந்த வெபினாரிலும் வரவில்லை.

அதை அமைச்சே எண்ணிப் பார்த்தது. ஏப்ரல் நடுவில் கல்வி அமைச்சர் ராட்ஸி ஜிடின் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார். பெற்றோரிடம் கேட்டு எடுத்த கணக்கில், ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடு. திறன்பேசி 46. இந்த 46தான் என்னை உறுத்துகிறது. ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் போன் அதில் "இருக்கிறது" பக்கம் விழுந்ததா, "இல்லை" பக்கம் விழுந்ததா? மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் என்றால் அது மூன்று "இருக்கிறது"வா? நானும் அப்படி ஒரு படிவத்தைப் பெற்றோருக்கு அனுப்பியவள்தான். இணைய வழிப் படிவம். போன் இல்லாதவர்கள் போனில் பதில் போட வேண்டியிருந்தது.

முழுச் சோதனை 2021இல்தான் வந்தது. ஜனவரி 13 அன்று ஆறு இடங்களில் ஆணையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதில் மலாக்காவும் ஒன்று. ஜனவரி 20 அன்று புதிய பள்ளித் தவணை தொடங்கியது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்றுதான் வாழ்க்கையின் முதல் பள்ளி நாள். சீருடை தைத்து வைத்திருந்தார்கள். சில அம்மாக்கள் அதைப் போட்டுவிட்டு, சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அப்படித்தான் என் மாணவர்களை முதலில் பார்த்தேன்.

எழுத்துச் சொல்லிக்கொடுப்பது உடம்பை வைத்துச் செய்கிற வேலை. பிள்ளையின் கையைப் பிடித்து அகரத்தின் சுழியைச் சுற்ற வேண்டும். ழகரத்துக்கு நாக்கு எங்கே மடிகிறது என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். போனில் அது குரல்பதிவாக மாறியது. நான் "பழம்" என்பேன், அந்தப் பக்கம் "பளம்" என்று பதில் வரும். பிள்ளை தவறாகச் சொல்கிறதா, ஸ்பீக்கர் அப்படிக் கேட்கவைக்கிறதா என்று எனக்கே தெரியாது. மார்ச் 1 அன்று பள்ளி திறந்தபோதும் முகக்கவரி. மே மாதத்தில் திரும்ப மூடினார்கள். ஜூன் 1 முதல் நாடே முழுமையாக முடங்கியது, மாத இறுதியில் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அந்த வாரங்களில் "வீட்டுப்பாடம் ஏன் அனுப்பவில்லை" என்று குழுவில் கேட்க எனக்கு விரல் வரவில்லை.

அமைச்சின் இல்லிருப்புக் கற்றல் கையேடு மூன்று வழி சொன்னது: இயங்கலை, இயங்கலை இல்லாமல், பள்ளிக்கு வெளியே வேறோர் இடத்தில். முதல் வழிக்குத்தான் பேரும் புகழும். எங்கள் பக்கம் உண்மையில் வேலை செய்தது இரண்டாவது. பயிற்றிகளைப் போட்டோஸ்டேட் எடுத்து, பிள்ளை பெயர் எழுதி, ஒட்டி, மளிகைக் கடையிலோ கோயில் நிர்வாகியிடமோ வைத்துவிட்டு வருவோம். பத்துக் கிலோமீட்டர்தான் போகலாம் என்ற விதி இருந்தபோது ஆயர் குரோவில் குடியிருக்கிற ஆசிரியர் ஜாசினைத் தாண்டிப் போகக் கடிதம் வேண்டும், சாலைத்தடுப்பில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பள்ளியின் சிறுமை கைகொடுத்தது இங்கேதான். பதினான்கு பிள்ளை உள்ள வகுப்பு என்பதால் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் அம்மா இரவு ஷிப்டு, எந்த வீட்டில் தாத்தாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதெல்லாம் தெரியும். நாற்பது பேர் வகுப்பில் இது நடக்காது. போட்டோஸ்டேட் காசு சில மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது, சில மாதம் எங்களுடையது.

திரும்பி வந்த தாள்களில் கையெழுத்து மாறும். முதல் பக்கம் பிள்ளை எழுதியது, மூன்றாவது பக்கம் அக்கா, கடைசிப் பக்கம் களைத்துப்போன ஒரு பெரியவர் கை. அக்கா என்றால் ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ படிக்கிற பெண். அவளுடைய பயிற்றி காலியாக வரும். சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, அவன் பாடத்தையும் எழுதி முடித்துவிட்டுத் தன் பாடத்துக்கு நேரம் இருக்காது. பாட்டி "நின்னுட்டேன்" என்று சொன்ன சொல்லை நான் அதிகம் நினைத்தது அந்த மாதங்களில்தான். இந்தப் பெண்கள் பள்ளியிலிருந்து நிற்கவில்லை, பதிவேட்டில் பெயர் இருந்தது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021 வரவுசெலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளில் 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினி என்று செர்டிக் திட்டத்தை அறிவித்தார்கள், அரசுசார் நிறுவனங்களின் பணத்தில். நாட்டில் பள்ளிகள் பத்தாயிரத்துக்கும் மேல். பிப்ரவரி 17 அன்று டிடிக் டிவி வந்தது, 1972க்குப் பிறகு இன்னொரு சுற்று. நேரே ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும் தமிழ்நாட்டை இங்கே நினைக்கிறேன். அங்கேயும் பள்ளிகள் நீண்ட காலம் மூடியிருந்தன, தொலைக்காட்சிப் பாடம் ஓடியது. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் "இல்லம் தேடிக் கல்வி"யைத் தொடங்கினார்கள். தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் பிள்ளைகள் இருக்கிற தெருவிலேயே வகுப்பு. ஆயிரம் ரூபாய் ரொம்பக் குறைவு, உழைப்பை மலிவாக வாங்குகிறார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது இருக்கிறது. நம்முடைய மூன்றாவது வழி, "வேறோர் இடத்தில்", கையேட்டில் ஒரு தலைப்பாகவே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் அதற்கென்று மண்டபமோ ஆளோ காசோ ஒதுக்கி நான் பார்க்கவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபங்கள் அந்த மாதங்களில் பூட்டிக் கிடந்தன.

இழப்பு எவ்வளவு என்று கேட்டால் காட்ட எண் இல்லை. 2020இல் யூபிஎஸ்ஆர் தேர்வை ரத்து செய்தார்கள், 2021 ஏப்ரலில் அதையே நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். யூபிஎஸ்ஆர் போனதற்கு நான் அழமாட்டேன். 'ஏ' வாங்கிய பிள்ளைகளின் படத்தை நாளிதழில் போடுவதற்காக மற்ற பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளிய தேர்வு அது. ஆனால் எடுத்த நேரத்தைப் பாருங்கள். அசகானில் ஒரு பிள்ளையும் ஆயர் குரோவில் ஒரு பிள்ளையும் ஒரே தாளில் எழுதி, வித்தியாசம் வெளியே தெரிய இருந்த ஒரே இடம் அதுதான். பிறகு வந்த பள்ளிசார் மதிப்பீட்டில் அடைவுநிலையை நாங்களே போடுகிறோம். பிள்ளைமேல் இரக்கப்பட்டு ஒரு நிலை ஏற்றிப் போடுகிற கை எங்களுடையதுதான்.

2021 அக்டோபரில் கட்டம் கட்டமாகப் பள்ளி திறந்தது. அடுத்த மாதம் 20ஆம் தேதி மலாக்காவில் மாநிலத் தேர்தல். தொற்றுப் பயத்தில் பொதுக்கூட்டம் தடை, வேட்பாளர்கள் முகநூல் நேரலையில் பேசினார்கள். வலை தெறித்து, முகம் உறைந்து, பாதி வாக்குறுதியோடு குரல் நின்றுபோன ஒரு நேரலையை என் வகுப்புப் பிள்ளையின் அப்பா எனக்கு அனுப்பி, "டீச்சர், இவருக்கும் லைன் இல்ல போல" என்று எழுதியிருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அப்போது படிவம் ஒன்றிலோ நான்கிலோ, பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்திலோ இருந்திருப்பீர்கள். 1942இல் பள்ளி மூடியபோது பத்து வயதாக இருந்தவர்களிடம் நாம் நேரத்துக்குக் கேட்கவில்லை. கேட்கப் போனபோது பாதிப் பேர் இல்லை, மீதிப் பேருக்குக் கிழங்கு மட்டும் நினைவிருந்தது. நான் அந்தப் பயிற்றித் தாள்களில் ஒரு கோப்பு நிறைய வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை பட்டவை, மூன்று கையெழுத்து உள்ளவை எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் போன் யாருடையது, எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வந்தது, மாதம் எத்தனை வெள்ளி டாப் அப், அதை யார் போட்டார்கள் என்று எழுதி வையுங்கள். தேதியோடு எழுதுங்கள்.